பேச்சொலி இல்லாத வீட்டிற் பேசக் கற்றோம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேடைக்கு வருபவர் முதலிற் சபையை வணங்கித் தம் தகுதியின்மையைச் சொல்லிக்கொள்வது எம்மவர் வழக்கம். நாமும் வணங்குகின்றோம். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருளைப் பேச எமக்குத் தகுதி இல்லை என்று சொல்ல மாட்டோம். இது படித்து அறிந்த பொருளன்று. பிறந்து அறிந்த பொருள். எம்மைப் பெற்ற தாயாருக்கும் தந்தையாருக்கும் காது கேளாது. எமக்கும் எம் தங்கைக்கும் கேட்கும். அத்தகைய வீட்டிற் பிள்ளைகள் எவ்வாறு வளர்கின்றனர், அவர்கள் தோளில் ஊரவர் அறிந்தோ அறியாமலோ எதனை ஏற்றிவிடுகின்றனர் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

எம் பெற்றோர் இருவரும் கைதடி நவீல்ட் பாடசாலையிற் பயின்றவர்கள். காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்குமாக இலங்கையில் முதலிற் கல்விச்சாலை எழுந்தது 1912ஆம் ஆண்டில். மேரி சப்மன் என்னும் அம்மையார் அதனைத் தொடங்கினார். வடபகுதிப் பிள்ளைகளுக்குக் கைதடியில் 1956ஆம் ஆண்டு பாடசாலை அமைந்தது. அங்கே தான் எம் தந்தையார் தையலும், தாயார் எழுத்தும் பின்னலும் கற்றனர். அங்கே தான் இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தனர். திருமணமாகித் திருநெல்வேலியிற் குடியேறினர். நாம் பிறந்தது 1982ஆம் ஆண்டு.

"குழந்தை இராவிலை அழுதால் இதுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அயலார் கேட்டார்களாம். தாயார் அவர்களுக்கு விடை சொல்லவில்லை. ஏணையிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தம் மணிக்கட்டிற் கட்டிக்கொண்டு படுத்தார். நாம் காலை உதைத்தால் கயிறு அசையும். கயிறு அசைந்தால் அவர் எழுவார். பசியால் நாம் அதிக நேரம் அழுத இரவு ஒன்றுகூட இல்லை என்று அம்மம்மா பின்னாளிற் சொல்லுவார்.

படலையிலும் ஒரு கயிறு இருந்தது. வருபவர் அதனை இழுத்தால் விறாந்தையிலே தொங்கும் சிவப்புத் துணி ஆடும். தந்தையாரின் தையல் இயந்திரம் அத்துணிக்கு எதிரே இருந்தது. இயந்திரத்திற் பழுது வந்தால் காதுள்ள தையற்காரர் ஒலியால் அறிவர். அவர் மிதிபலகையில் வைத்த பாதத்தால் அறிந்தார். ஒருவரை அழைக்க வேண்டுமானால் நிலத்தைக் காலால் தட்டுவோம். எட்ட நின்றால் கையை வீசுவோம். உறவினர் ஒவ்வொருவருக்கும் கையாற் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. மூக்கைத் தொட்டால் மூக்குத்தி போட்ட பெரியம்மா. இரு கைகளையும் கைபிடிபோலப் பிடித்தால் சைக்கிளில் வரும் மாமா. ஊரார் அதை ஊமை வீடு என்றனர். எமக்கோ அவ்வீட்டிற்போல நாள் முழுவதும் பேச்சு நடந்த வீடு வேறொன்று இல்லை. கோபமும் பகிடியும் கதையும் கண்டிப்பும் எல்லாம் கைகளால் நடந்தன. வாய்ப்பேச்சை அம்மம்மாவிடமும் அயல் வீட்டாரிடமும் கற்றோம்; கைப்பேச்சைத் தாய்மடியிற் கற்றோம். எம் தாய்மொழி எது என்று கேட்டால் இன்றும் ஒரு கணம் தயங்கியே விடை சொல்லுகின்றோம்.

கையசைவு மொழியாகுமா என்று சிலர் ஐயுறலாம். ஆலின் கீழ் அமர்ந்த தட்சிணாமூர்த்தியை நாள்தோறும் வணங்குகின்றோம். சனகர் முதலிய நால்வருக்கும் அவர் வாய் திறந்து உபதேசித்தாரா? மோனத்திலே, சின்முத்திரையாலே, சொல்லுக்கு எட்டாத பொருளை உணர்த்தினார் என்பதன்றோ எம் சமயம் கூறுவது? திருவள்ளுவரும் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் அமைத்தார்; பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. ஒரே தலைப்பை இரு பாலிலும் வைக்குமளவுக்கு அவர் அதனைப் பெரிதாக மதித்தார். இம்மரபில் வந்த நாம், கையாற் பேசுபவரைக் கண்டு சிரிப்பது எவ்வாறு?

மேனாட்டிலும் இந்த உண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. 1880ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சினாலேயே கற்பிக்க வேண்டும், சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. கூடியிருந்தோர் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். அத்தீர்மானத்தின் நிழலிற் பல நாடுகளிற் பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பிற் கைகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 1960ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்க அறிஞர், சைகை மொழிக்கும் ஒழுங்கான உறுப்புகளும் இலக்கணமும் உண்டு என்று ஆராய்ந்து காட்டினார். மிலான் தீர்மானத்துக்கு வருந்தி அதனைத் தள்ளுவதாக அதே மாநாட்டு வரிசையினர் கனடாவின் வன்கூவர் நகரில் அறிவித்தது 2010ஆம் ஆண்டிலே. இடையிற் கழிந்தவை நூற்று முப்பது ஆண்டுகள்.

இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நின்ற பெரியோர் இருவர் எம்மைப் போன்ற பிள்ளைகள் என்பது வியப்பு. தொலைபேசியாற் புகழ் பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் தாயாருக்குக் காது மந்தம். வாஷிங்டனிற் காது கேளாதோருக்காக 1864ஆம் ஆண்டு கல்லூரி நிறுவப்பட்டபோது அதன் தலைவரான எட்வேட் மைனர் கலோடெற்றின் தாயாரும் காது கேளாதவர். பெல் வாய்ப்பேச்சின் பக்கம் நின்றார். கலோடெற் சைகையைக் கைவிடலாகாது என்று வாதாடினார். ஒரே வகை வீட்டிற் பிறந்தும் இருவரும் மாறுபட்டனர். எம் வீட்டு அனுபவம் எம்மைக் கலோடெற்றின் பக்கம் நிறுத்துகின்றது.

வாலிப அன்பர்களே, இதுவரை சொன்னவை பெருமைக்குரியவை. இனிச் சொல்வது எமக்கு வெட்கம் தருவது.

ஐந்து வயதில் நாம் எம் வீட்டின் வாயும் காதும் ஆனோம். "தம்பி, கொப்பரிட்டைச் சொல்லு, காசு அடுத்த கிழமைதான் தருவன் எண்டு" என்பார் உடுப்புத் தைப்பித்தவர். தந்தையார் எதிரே நிற்பார். வந்தவர் எம்மைப் பார்த்தே பேசுவார். பேரம் பேசுவதும், கடன் கேட்பதும், கடன் மறுக்கப்பட்டதைத் திரும்பச் சொல்வதும் எம் வேலை. பெற்றோரைப் பற்றி அவர்கள் முன்னிலையிலேயே சொல்லப்பட்ட இழிசொற்களைக் கேட்டதும் நாமே. அவற்றை மொழிபெயர்க்காமல் விழுங்கினோம். "என்ன சொன்னார்?" என்று தாயார் கேட்பார். "ஒன்றுமில்லை" என்போம்.

1992ஆம் ஆண்டு, எம் பத்தாம் வயதில், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் எமக்கு ஒரு பரிசு கிடைத்தது. பெற்றோர் வந்தாற் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அஞ்சி, நாளை மாற்றிச் சொல்லிவிட்டோம். எவ்வாறோ தாயார் அறிந்து வந்துவிட்டார். எம் பெயரைச் சொல்லி அழைத்தபோது, மண்டபத்தின் வாசலில் நின்ற அவர் மகிழ்ச்சி தாங்காமல் வாய்விட்டுக் கூவினார். தம் குரல் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அருகிலிருந்த மாணவன் "ஆரடா அது?" என்றான்.

"தெரியாது" என்றோம்.

தாயார் உதட்டசைவைக் கற்றவர். அந்த ஒரு சொல் அவர் நன்கு அறிந்த சொல். எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு விளக்கருகில் இருந்து, "பரிசாக என்ன புத்தகம் தந்தார்கள்?" என்று மாத்திரம் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அடி வாங்கியிருந்தால் மறந்திருப்போம்.

விளக்கு என்றோம். அதனையும் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குட் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டுத் திரி நாட்டிய விளக்கை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர் வீட்டில் விளக்கு அணைந்தால் வாசிப்பு நிற்கும். எம் வீட்டிற் பேச்சே நிற்கும். எண்ணெய்ப் போத்தலைப் பார்த்து, இன்றிரவு எவ்வளவு பேசலாம் என்று கணக்கிட்ட குடும்பம் எம்முடையது. பின்னர் இருளிலே ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் எழுதிப் பேசப் பழகினோம்.

அயல் வீட்டிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்றி, டைனமோவிலே தமிழோசை கேட்பார்கள். நாம் கேட்டு வந்து செய்தியைக் கைகளாற் சொல்லுவோம். விமானத்தின் ஒலி கேட்டால் ஓடிவந்து பெற்றோரைப் பிடித்துப் பங்கருக்குள் இழுப்பது எம் கடமை. நாம் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் அவர்களுக்கு யார் துணை? தந்தையார் காகங்களைக் கவனிக்கக் கற்றார். மரத்திலுள்ளவை ஒருமிக்க எழுந்தாற் பங்கருக்குப் போக வேண்டும் என்று தாயாருக்கும் சொல்லிவைத்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை ஒலிபெருக்கி வீதியால் வந்தது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல். பதின்மூன்று வயதில் அதனைப் பெற்றோருக்குச் சொல்லும் பொறுப்பு எம்மிடம் வந்தது. "எங்கே போவது? எத்தனை நாளுக்கு?" என்று தாயாரின் கைகள் கேட்டன. ஒலிபெருக்கியில் அதற்கு விடை இல்லை.

அன்றிரவு செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் நடந்த சனத்திரளையும் மழையையும் இச்சபையில் எத்தனையோ பேர் கண்டவர்கள். எம் அச்சம் ஒன்று. அந்த இருட்டிற் பெற்றோர் எம்மை விட்டுப் பிரிந்தால், அவர்களாற் கூப்பிட இயலாது. நாம் கூப்பிட்டால் அவர்களுக்குக் கேளாது. கையசைத்தால் தெரியாது. தாயார் பெட்டியிலிருந்து பழைய ஏணைக் கயிற்றை எடுத்து நால்வரின் மணிக்கட்டையும் பிணைத்தார். அடி அடியாக, விடியும்வரை அவ்வாறே நடந்தோம். கயிறு ஒருமுறை இழுத்தால் நில். இருமுறை இழுத்தால் நட. கைதடியை அடைந்தபோது வெளித்தது. தாயார் தம் பாடசாலை இருந்த திசையைக் காட்டி, "நான் பேசக் கற்ற இடம்" என்றார்.

1996ஆம் ஆண்டு ஊர் திரும்பினோம். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தந்தையாருக்குச் சலரோகத்தாற் காலிற் புண் வந்தது. வைத்தியசாலையில் வைத்தியர் எம்மைத் தனியே அழைத்து, வலக்காலின் இரண்டு விரல்களை எடுக்காவிட்டாற் பாதமே போய்விடும் என்றும், அதனைத் தந்தையாரிடம் சொல்லும்படியும் கூறிச் சென்றார். எமக்கு வயது பதினாறு. அந்தக் காலாலேயே அவர் இயந்திரம் மிதித்து எம்மை வளர்த்தார். சொல்ல மனம் வரவில்லை. "மருந்து கட்டி நாலு நாளில் விடுவார்கள்" என்று கையாற் பொய் சொன்னோம்.

சம்மதப் பத்திரம் வந்தது. தந்தையார் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். மெல்ல வாசித்தார். பின் எம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "கால் யாருடையது?"

நாம் தலை குனிந்தோம். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். தலை குனிந்தவருடன் அவராற் பேச முடியாதன்றோ? "கால் என்னுடையது. செய்தியும் என்னுடையது. நீ கொண்டுவருகிறவன், பிரித்து எடுக்கிறவன் அல்ல" என்றார். பிறகு ஒரு கடதாசியில் நான்கு கேள்விகள் எழுதி வைத்தியரிடம் தாமே கொடுத்தார். வைத்தியரும் நான்குக்கும் எழுதி விடை கொடுத்தார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு கடதாசியும் ஒரு பென்சிலும். அதை முன்னமே செய்திருந்தால் ஒரு பிள்ளை பொய்யனாகியிராது. ஒரு மனிதர் தம் காலின் செய்தியைக் கடைசியாய் அறிந்திருக்கமாட்டார்.

விரல்கள் போயின; பாதம் தப்பியது. இடக்காலால் மிதிக்கப் பழகி மேலும் பல ஆண்டுகள் தைத்தார்.

எம் போன்ற பிள்ளைகள் உலகெங்கும் உள்ளனர். காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் கேட்கும் பிள்ளைகளே. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு அவர்கள் 'கோடா' என்ற பெயருடன் ஒரு சங்கம் அமைத்தனர். லூயிஸ் பிளெச்சர் என்னும் நடிகை 1976ஆம் ஆண்டு ஒஸ்கார் பரிசு பெற்ற மேடையில், காது கேளாத தம் பெற்றோருக்குக் கைகளால் நன்றி சொன்னார். அதனை அறிந்த நாளில், மண்டப வாசலில் நின்ற எம் தாயாரையே நினைத்தோம்.

சட்டங்களும் வந்துள்ளன. இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996ஆம் ஆண்டு நிறைவேறியது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் எம் நாடு ஏற்றுக்கொண்டது. சைகை மொழியை ஏற்று வளர்க்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையில் உண்டு. செப்டெம்பர் 23ஆம் நாள், காது கேளாதோரின் உலக சம்மேளனம் 1951ஆம் ஆண்டு தோன்றிய நாளாதலால், சர்வதேச சைகை மொழிகள் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. ஆயினும் சட்டம் படலைவரைதான் வரும். படலைக்கு உள்ளே வரவேண்டியவர்கள் அயலவர்கள்.

ஆகவே, இச்சங்கத்து வாலிபர்களிடம் சில கேட்கின்றோம்.

காது கேளாதவரிடம் பேசும்போது அவர் முகத்துக்கு நேரே நின்று, அவரிடமே பேசுங்கள். அருகில் நிற்கும் பிள்ளையிடம் பேசாதீர்கள். உரக்கக் கத்துவதாற் பயனில்லை. தோளை மெல்லத் தொட்டால் போதும். விளங்காவிட்டால் எழுதிக் காட்டுங்கள்.

ஆசுப்பத்திரியிலும் நீதிமன்றிலும் வங்கியிலும் ஒரு சிறு பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். வளர்ந்த ஒருவர் அந்த வேலையைப் பழகிச் செய்யட்டும். உங்களுள் ஐந்து பேராவது சைகை மொழியை ஒழுங்காகக் கற்க முன்வாருங்கள். அம்மொழி பேசும் பெரியவர்களையே ஆசிரியராகக் கொண்டு கற்றுக்கொள்ளுங்கள்.

கோயிலில் ஒலிபெருக்கியிற் சொல்லும் அறிவித்தலை ஒரு பலகையிலும் எழுதி வையுங்கள். திருவிழாக் கூட்டத்தில் "பிள்ளை ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறோம்" என்று எத்தனை முறை சொன்னாலும் அப்பிள்ளையின் தாய்க்குக் கேளாதென்றால் என் செய்வது?

எம்மூர்க் கோயில்களிற் கந்தபுராண படனம் நடக்கின்றது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். வாசித்தவரைக் காட்டிலும் பயன் சொல்பவரைச் சபை உன்னிப்பாய்ப் பார்க்கும். மொழிபெயர்ப்பு எம்மவர்க்குப் புதிதன்று. மூன்றாமவர் ஒருவர் அங்கே நின்று அப்பயனைக் கைகளாற் சொன்னால் என்ன குறை வந்துவிடும்? எம் தாயாருக்குச் சூரன் போர் என்றால் உயிர். அங்கே தலை மாறுவதும், மாமரம் ஆவதும், சேவலும் மயிலும் ஆவதும் கண்ணாற் காணலாம். ஆனால் சூரன் ஏன் அழிக்கப்படாமல் ஆட்கொள்ளப்பட்டான் என்பதை, சிறுவயதில் நாம் படனத்தின் அருகில் இருந்து கையாற் சொன்னபோதே அவர் அறிந்தார். அன்று அவர் கண்கள் நிறைந்தன. சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனை பேர் காட்சியை மட்டும் கண்டு திரும்புகின்றனரோ!

தந்தையார் இன்று எம்முடன் இல்லை. தாயார் இருக்கின்றார். கனடாவிலிருக்கும் எம் தங்கையுடன் தொலைபேசியிற் பேச அவரால் நெடுங்காலம் இயலவில்லை. இன்று முகம் தெரியும் தொலைபேசி வந்தபின், பேரப்பிள்ளைகளுடன் இரு கைகளாலும் பேசித் தீர்க்கின்றார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதே இப்போது எம் வேலை.

அவர் இதோ, இச்சபையின் மூன்றாம் வரிசையில் இருக்கின்றார். இவ்வுரை முழுவதையும் நேற்றிரவே அவருக்குச் சொன்னோம். பரிசளிப்பு நாளின் கதையைச் சபையிற் சொல்லலாமா என்று கேட்டோம். சிறிது நேரம் எம்மைப் பார்த்தார். "சொல். அது உன் செய்தி" என்றார்.

கூட்டம் முடிந்தபின் அவரிடம் போங்கள். எப்படிப் பேசுவது என்று தயங்க வேண்டாம். அவருடைய மொழியில் முதற்சொல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே நின்று இரு கைகளையும் கூப்புங்கள்.

வணக்கம்.